ஜூலியின் சாப்பாட்டு நோட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

கோகிலா நேற்றுக் காலை ஓசூர் பஸ் ஏறிவிட்டாள். எங்கள் மகள் யாழினிக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவம். கோகிலா திரும்பி வர மூன்று மாதமாகும். கிளம்பும்போது கேஸ் சிலிண்டர், பால்காரர், மோட்டார் சுவிட்ச் எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தவள், நாயைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் சொன்னாள். ஜூலி என்ன தின்கிறது, எவ்வளவு தின்கிறது என்று தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். அதற்குத்தான் இந்த நோட்டு. முப்பத்தொரு வருடம் சர்வேயராக இருந்து புல எண்ணும் எல்லைக்கல்லும் எழுதியவன் நான். நாய் தின்ற கேரட்டை எழுதுவதில் எனக்கென்ன சிரமம்.

ஜூலி வெள்ளை ஸ்பிட்ஸ், ஏழு வயது. பத்து கிலோ இருக்க வேண்டியது பதினான்கரை இருக்கிறது. எல்லாம் கோகிலா ஊட்டிய கோழி ஈரலும் பிஸ்கட்டும். போன வாரம் கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் இளவேனில் (முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் கண்டிப்பான பெண்) எடையைப் பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் இடுப்பும் போகும், இருதயமும் தாங்காது என்றார். இனி பாதித் தட்டு காய்கறி என்று ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தார். கேரட், பீன்ஸ், பூசணி, சுரைக்காய், சர்க்கரைவள்ளி. உப்பு, காரம், மசாலா இல்லாமல் வேகவைத்து, ஆறவைத்து, கொஞ்சம் சோற்றோடு பிசைந்து வைக்க வேண்டும். தாளைக் காந்தம் வைத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

காலை: கேரட், பீன்ஸ். முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. மாலை: அதே தட்டு. முகரவும் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சுரைக்காய். தொடவில்லை. பூசணி. தொடவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கோகிலா இரண்டு முறை கூப்பிட்டாள். "அவ சாப்பிட்டாளா?" என்பதுதான் முதல் கேள்வி. நாயை அவ, இவ என்றுதான் பேசுவாள். கொஞ்சம் சாப்பிட்டது என்றேன். உண்மையில் மூன்றாவது நாளாகப் பச்சைத் தண்ணீர்தான். போன இடத்தில் அவளைக் கவலைப்பட வைத்து என்ன ஆகப்போகிறது. ஒரு நாயைப் பத்து நாள்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று இந்த ஜென்மம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள்.

மதியம் எனக்குக் குழம்பு வைக்கச் சின்ன வெங்காயம் உரித்து எண்ணெயில் போட்டேன். எங்கிருந்தோ வந்து சமையலறை வாசலில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது ஜூலி. சரி என்று இரண்டு கைப்பிடி வெங்காயத்தை உப்பில்லாமல் தனியாக வதக்கி, பீன்ஸ் கேரட்டோடு பிசைந்து வைத்தேன். தட்டைத் தரையில் நகர்த்தி நகர்த்தி நக்கியது.

உப்பு இல்லை, காரம் இல்லை, மசாலா இல்லை. வெங்காயமும் காய்தானே.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இரண்டு வேளையும் தட்டு காலி. எடை பதினான்கு. எப்படிச் சாப்பிட வைத்தீர்கள் என்று கோகிலா ஆச்சரியப்பட்டாள். கைப்பக்குவம் என்று மட்டும் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சமையலில் நான் வாங்கிய முதல் பாராட்டு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கிழக்குப் பக்கத்து வீட்டுச் சாரதாமணியோடு இன்று வாக்குவாதம். கணவர் இறந்த பிறகு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். வங்கிக்காரர்கள், நர்சிங் படிக்கும் பெண்கள் விடுதி, தனியாக இருக்கும் வாத்தியார்கள் என்று இருபத்திரண்டு கேரியர். தினமும் பதினொன்றரைக்கு மொபெட்டில் கட்டிக்கொண்டு அவளே போவாள். அவள் வீட்டில் சிப்பாய் என்று ஒரு நாய். ராஜபாளையம் கலப்பு, கன்றுக்குட்டி உயரம், வாயே திறக்காது. அதைப் பார்த்தால் எங்கள் ஜூலிக்கு ஆகாது. விடிந்ததிலிருந்து மதில் ஓரமாக நின்று குரைக்கும்.

இன்று சாரதாமணி மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "சர்வேயர் சார், அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிருதுங்க. தெருவே எந்திரிச்சு உக்காந்திருக்குது. இப்படியே கத்துச்சுன்னா ஒரு நாளைக்கு யாராச்சும் எதையாச்சும் வெச்சிருவாங்க, பாத்துக்குங்க" என்றாள். யாராச்சும் என்றால் யார் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

பேச்சா இது.

ஆகஸ்ட் 13, புதன்

இரண்டு நாளாக எழுதவில்லை. சாப்பாடு வழக்கம்போல. ஜூலி மாடிப்படி ஏற மறுக்கிறது. நாலு எட்டு வைத்தால் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்குகிறது. எடை குறைவதால் வரும் களைப்பாக இருக்கும். குரைப்பதும் இல்லை. பக்கத்து வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் ஜூலி சிறுநீர் கழித்ததைப் பார்த்தேன். காபி டிகாக்‌ஷன் நிறம். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துச் சுண்ணாம்பாக இருக்கிறது. காரில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் இளவேனில் ரத்தம் எடுத்தார். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், வெளியே ஏதாவது விஷத்தைத் தின்றிருக்கலாம், முழு முடிவு வர மூன்று நாளாகும் என்றார். சாப்பாடு நாங்கள் கொடுத்த தாளின்படிதானே என்று கேட்டார். வரிக்கு வரி அதன்படிதான் என்றேன். ஊசி, மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

விஷம் என்ற வார்த்தை காதிலேயே நின்றது. வீட்டுக்கு வந்து மதில் ஓரம் முழுக்கத் தேடினேன். காகிதமோ எலும்போ ஒன்றும் கிடைக்கவில்லை. தின்ற பிறகு என்ன மிச்சம் இருக்கும்.

தெம்பு வரட்டும் என்று மாலை வெங்காயத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே வதக்கிப் போட்டேன். அதை மட்டும் பொறுக்கித் தின்றது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தெருச் சங்கத்தில் கொடியேற்றம். நாற்பது பேர் இருப்பார்கள். மிட்டாய் கொடுத்து முடித்ததும் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். என் நாய்க்கு விஷம் வைத்திருக்கிறார்கள், வைப்போம் என்று முன்கூட்டியே என்னிடம் சொன்னவர் இங்கேதான் நிற்கிறார் என்று சாரதாமணியைக் கை நீட்டிச் சொன்னேன். அவள் கையில் மிட்டாய் இருந்தது. வாயில் போடவில்லை. "நானாங்க? நாஞ் சொன்னது அதுக்கில்லீங்க" என்று ஆரம்பித்தாள். நான் விடவில்லை. குரல் உயர்ந்துவிட்டது. அப்படியே ஸ்டேஷனுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தேன். மாலையில் ஒரு ஏட்டு வந்து அவளை வாசலில் நிற்க வைத்து விசாரித்துவிட்டுப் போனார். தெருவே பார்த்தது.

ஜூலிக்கு இரண்டு கைப்பிடி வெங்காயம், சோறு. பாதி தின்றது.

ஆகஸ்ட் 16, சனி

மாத்திரை கொடுக்கும் நேரத்தைக் குறித்து வைக்கலாம் என்று ஃபிரிட்ஜில் இருந்த தாளை எடுத்தேன். எழுத இடம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன்.

தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். காந்தம் சரியாக ஒட்டவில்லை. கூடையில் இருந்த வெங்காயத்தை எல்லாம் தெருக்கோடித் தொட்டியில் போட்டேன். முளைவிட்டிருந்தது. ஜூலிக்கு வெறும் தயிர்சோறு வைத்தேன். தின்னவில்லை.

இன்றைக்கு எழுத வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சாரதாமணியின் மொபெட்டில் இன்று ஒன்பது கேரியர்தான். ஞாயிறு என்று நினைத்தேன். ஞாயிறானாலும் பதினெட்டுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. சங்கச் செயலாளர் வந்திருந்தார். நர்சிங் விடுதியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நாய்க்கு விஷம் வைக்கிற கையால் சோறா என்று வார்டன் கேட்டாராம். வங்கியிலும் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்களாம். நல்ல வேலை செய்தீர்கள் சார் என்று என்னைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் அவள் சமையலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாற்பது பேரும் கேட்டிருக்கிறார்கள்.

கோகிலா கூப்பிட்டாள். ஜூலிக்கு உடம்பு சரியில்லை என்பதை மட்டும் சொல்லியிருந்தேன். நோட்டில் எழுதியதைப் படியுங்கள், டாக்டருக்கு உதவும் என்றாள். படித்தேன். கேரட், பீன்ஸ், பூசணி என்று படித்தேன்.

மனுவைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று யோசித்தேன். காரணம் கேட்பார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் ஜூலியால் எழுந்து நிற்க முடியவில்லை. கூப்பிட்டால் வால் மட்டும் அசைந்தது. இங்கே கொண்டுவந்து சேர்த்தேன். ரத்தத்தில் சிவப்பணு உடைந்துகொண்டே இருக்கிறது, உண்ணிக் காய்ச்சலும் இல்லை, எலி மருந்தும் இல்லை என்றார் டாக்டர் இளவேனில். இன்று மதியத்துக்குள் ரத்தம் ஏற்றியாக வேண்டும். இருபத்தைந்து கிலோவுக்கு மேல் எடை, எட்டு வயதுக்குள், தடுப்பூசி எல்லாம் போட்ட நாய் ஒன்று வேண்டும் என்றார். எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு லாப்ரடார் உண்டு. கேட்டேன். பதினோரு வயதாம். அதன் பிறகு எனக்குத் தெரிந்து ஒரே ஒரு நாய்தான் இருந்தது.

சாரதாமணி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது மணி பத்தரை. பெரிய அடுப்பில் சின்னப் பாத்திரம் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். கேரியர்களைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். எந்த வார்த்தையில் சொன்னேன் என்று நினைவில்லை.

"எம்பட நாய் ரத்தம் வேணுமுங்களா உங்களுக்கு" என்றாள். கரண்டியால் இரண்டு முறை கிண்டினாள். பிறகு, "ஜூலி எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

"நிக்க முடியல."

அடுப்பை அணைத்தாள். ஒன்பது கேரியருக்கும் போன் செய்து இன்று சாப்பாடு இல்லை என்று சொன்னாள். சிப்பாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு சங்கிலியை அவிழ்த்தாள். "சிப்பாய் நானில்லாம யாருகூடயும் வராது. நானும் வர்றனுங்க." காரில் பின்சீட்டில் அவளும் சிப்பாயும் உட்கார்ந்தார்கள். மோகனூர் ரோடு முழுக்கச் சிப்பாய் என் தோளுக்குப் பக்கத்தில் மூச்சுவிட்டுக்கொண்டே வந்தது.

இரண்டு நாயின் ரத்தமும் சேருமா என்று சோதித்தார்கள். சேரும் என்று வந்தது. சிப்பாயின் கழுத்தில் முடியை மழித்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார்.

"சார், ஒண்ணு கேக்கணும். சிவப்பணு மேல சின்னச் சின்ன மொட்டு மாதிரி இருக்கு. வெங்காயம், பூண்டு சாப்பிட்ட நாய்க்குத்தான் பெரும்பாலும் இப்படி வரும். பச்சையா, வதக்கினதா, பொடியா, எதுவானாலும் சரி. கொஞ்சம் கொஞ்சமா பல நாள் கொடுத்தாலும் சேர்ந்து சேர்ந்து இதைச் செய்யும். எங்க தாள்ல பின்பக்கம் முதல் வரியே அதுதான். யார் குடுத்தாங்கன்னு நான் சண்டை போட மாட்டேன். ஆனா உள்ள போறது நின்னுதான்னு தெரியாம ரத்தம் ஏத்தி பிரயோஜனம் இல்ல."

சாரதாமணி என்னைப் பார்க்கவில்லை. சிப்பாயின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தை மறைக்காமல் எழுத வேண்டும். மதிலுக்கு மேலே அவள் மிச்சம் மீதியைப் போட்டிருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருபத்திரண்டு பேருக்குச் சமைக்கிற வீடு. மூட்டை மூட்டையாக வெங்காயம் வாங்குகிற வீடு. எல்லோரும் நம்புவார்கள். டாக்டர்கூட நம்புவார். அந்த வார்த்தை என் நாக்குவரை வந்தது. வந்தது என்பதே எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

"நான்தான் மேடம்" என்றேன். "வெறும் காய் தின்னலன்னு பத்து நாளா நான்தான் வதக்கிப் போட்டேன். தாளோட பின்பக்கத்தை நான் பார்க்கல. பார்த்த பிறகு நிறுத்திட்டேன்."

டாக்டர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். சிப்பாயின் ரத்தம் எடுக்கச் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும் என்று ஒரு படிவத்தைச் சாரதாமணி பக்கம் நகர்த்தினார். அவள் அதை எடுக்கவில்லை. படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போயிருந்தால் நான் என்ன சொல்லித் தடுத்திருக்க முடியும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேசைமேல் ஜூலி படுத்திருப்பது தெரிந்தது.

"எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?" என்று கேட்டாள்.

ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "தாளை எப்பப் பாத்தீங்க?"

"சனிக்கிழமை."

விரல் மடக்கி எண்ணினாள். சனி, ஞாயிறு, திங்கள். "மூணு நாளு" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நானாகத்தான் கேட்டேன், நான் என்ன செய்ய வேண்டும் என்று. சிப்பாய்க்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து பதில் சொன்னாள்: "கொடிக்கம்பத்துகிட்ட நின்னு சொன்னீங்க. அதே எடத்துல நின்னு சொல்லுங்க. சோறு வேண்டாம்னவங்க வூடு ஒவ்வொண்ணுக்கும் போயிச் சொல்லுங்க. எனக்காவ யாரும் பேச வேண்டாம். நீங்க செஞ்சதை நீங்க சொன்னாப் போதும்."

ஜூலி இன்னும் கண் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஸ்டேஷனில் மனுவைத் திரும்பப் பெற்றேன். காரணம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ஏட்டு படித்துவிட்டு, "வெங்காயமா சார்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

சங்கச் செயலாளர் வேறு மாதிரி. தெரியாமல் நடந்தது சார், வெளியில் சொல்லி உங்கள் மரியாதையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்றார். மறந்தபின் கேரியர் திரும்பி வருமா என்று கேட்டேன். அது அந்தம்மா பாடு என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் போன்: உயிருக்கு இன்னும் உத்தரவாதம் சொல்ல முடியாது. மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

வங்கியில் ஆறு பேரைத் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னேன். இரண்டு பேர் உடனே சரி என்றார்கள். ஒருவர் வேறு இடத்தில் சொல்லிவிட்டாராம். ஒரு பெண், அந்தம்மா முகத்தில் இனி எப்படி முழிப்பது என்று கேட்டார்.

மாலை ஆஸ்பத்திரி. ஜூலி என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். நாலு கால் நடுங்க அரை நிமிடம் நின்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கோகிலாவுக்குப் போன் செய்து நோட்டை முதல் நாளிலிருந்து படித்தேன். போன ஞாயிறு படிக்காமல் விட்டதையும் சேர்த்துப் படித்தேன். முடித்த பிறகு, "சாரதாமணி அக்கா சாப்பிட்டாங்களா, என்ன பண்றாங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். "பக்கத்து வீடுதானே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கொடிக்கம்பத்தின் கீழே நின்று சொன்னேன். பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். குற்றம் சொன்னபோது நாற்பது பேர். மீதி இருபத்தெட்டு வீட்டுக்கும் மாலைக்குள் நடந்தே போய் முடித்தேன். நாலு வீடு பூட்டியிருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஜூலி வீட்டுக்கு வந்துவிட்டாள். பன்னிரண்டு கிலோ. எடையை இப்படிக் குறைக்கச் சொல்லவில்லை சார் என்றார் டாக்டர். தாளின் இரண்டு பக்கத்தையும் என்னைப் படித்துக் காட்டச் சொன்னார், பள்ளிப் பையனைப் போல. படித்தேன். வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள், திராட்சை, பச்சைத் தக்காளி, முளைவிட்ட உருளைக்கிழங்கு, சோளக் கட்டை. மனப்பாடமாகிவிட்டது.

காலை: வேகவைத்த பூசணி, கொஞ்சம் வேகவைத்த கோழி. மாலை: பீன்ஸ், சோறு, முட்டை. இரண்டு வேளையும் மெதுவாக, ஆனால் முழுதாகத் தின்றாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று மொபெட்டில் பதினான்கு கேரியர். எண்ணிவிட்டுத்தான் வெளியே போனேன். சாரதாமணி கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். சிப்பாயின் கழுத்தில் மழித்த இடத்தில் முடி முளைக்க ஆரம்பித்திருக்கிறது. பதினைந்தாவதாக எனக்கும் ஒரு கேரியர் வேண்டும், கோகிலா வரும்வரை எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "உங்களுக்குப் போடறதில்லீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

சரி என்று உள்ளே வந்தேன். நாளைக் காலை நர்சிங் விடுதிக்கு மூன்றாவது தடவையாகப் போக வேண்டும். வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வேண்டும் என்று வார்டன் கேட்டிருக்கிறார். டாக்டர் இளவேனிலிடம் கடிதம் வாங்கி வைத்திருக்கிறேன். ஏழு கேரியர் அந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது. கடிதத்தில் நாய்க்கு வெங்காயம் கொடுத்தவர் என்று என் பெயரை முதல் வரியிலேயே போடச் சொன்னேன். அர்த்தநாரி, ஓய்வுபெற்ற சர்வேயர், கதவு எண்ணோடு.